மிதிச்ச கிலோமீட்டருக்கு கடையில வரவு: காரைக்குடி சைக்கிள் கடை ஒண்ணுல எட்டு மாசம் சேர்த்து செலவழிச்ச கணக்கு

போன மாசம் 10ம் தேதி என் சைக்கிளுக்கு ரெண்டு டயரும் மாத்துனேன். பில்லு 1180 ரூபா. அதுல 547 ரூபாயை கடைக்கார அண்ணே என் கணக்குல கழிச்சுட்டு மிச்சம் 633 மட்டும் கையில வாங்கிக்கிட்டார். அந்த 547 ரூபா ஜூலையில இருந்து டிசம்பர் வரைக்கும் நான் ஸ்கூலுக்குப் போக வர மிதிச்சதுல சேர்ந்த காசு. போன்ல ஸ்ட்ராவா, அதான் நாம ஓட்டுற தூரத்தையும் பாதையையும் பதிவு பண்ற ஆப்பு, ஓடிக்கிட்டு இருக்கும், கிலோமீட்டர் ஏற ஏற கடையில என் பேர்ல வரவு ஏறும், அவ்வளவுதான் விஷயம். ஸ்டாஃப் ரூம்ல இதைச் சொன்னதுல இருந்து ஆளாளுக்கு எப்படி எப்படினு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு மொத்தமா எழுதிடலாம்னுதான் இது.

கடை பேரைப் போடலை. அண்ணே வேணாம்னுட்டார், இப்ப இருக்க ஆளுங்களுக்கு கணக்குப் பாக்கவே அவங்களுக்கு நேரம் சரியா இருக்கு. காரைக்குடில சைக்கிள் வச்சிருக்கவங்க ரெண்டு பேர்கிட்ட கேட்டா ஒருத்தர் சொல்லிடுவார்.

முதல்ல திட்டம் என்னன்னு சொல்லிடுறேன். ஒரு கிலோமீட்டருக்கு 25 காசு. மாசத்துக்கு அதிகபட்சம் 150 ரூபா, அதாவது 600 கிலோமீட்டருக்கு மேல எவ்வளவு ஓட்டினாலும் அந்த மாசக் கணக்குல சேராது. ஒரு தடவை ஓட்டுனது குறைஞ்சது 3 கிலோமீட்டர் இருக்கணும். ஆப்புல கையால டைப் பண்ணி ஏத்துன ரைடு செல்லாது, வீட்டுக்குள்ள சைக்கிளை நிறுத்தி வச்சு மிதிக்கிற ட்ரெய்னர்ல ஓட்டுனது செல்லாது, பேட்டரி சைக்கிளும் செல்லாது. மாசம் முடிஞ்சு அடுத்த மாசம் 5ம் தேதி வரவு ஏறும், ஏறுன நாள்ல இருந்து ஆறு மாசம் வரைக்கும் செல்லும். எந்த பில்லுலயும் பாதி வரைக்கும்தான் கழிக்கலாம். டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, சர்வீஸ் கூலி எல்லாத்துக்கும் உண்டு, புது சைக்கிள் வாங்குறதுக்கு மட்டும் கிடையாது. சேர்றதுக்கு காசு எதுவும் இல்ல, ஸ்ட்ராவாலயும் பணம் கட்டி வாங்குற சந்தா தேவையில்ல, இலவசமா கிடைக்கிறதே போதும்.

நான் இருக்கிறது காரைக்குடி, ஸ்கூல் பள்ளத்தூர் பக்கம். கோட்டையூர் வழியா போக பத்து கிலோமீட்டர், வர பத்து. ஸ்கூட்டி இருக்கு, ஆனா ரெண்டு வருஷமா சைக்கிள்தான். திட்டம் வந்ததுக்கு அப்புறம் ஓட்ட ஆரம்பிச்சவ இல்ல நானு, இதை முன்னாடியே சொல்லிடுறேன், ஏன்னா காசுக்காக சைக்கிள் எடுக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கும் ஏற்கனவே ஓட்டிக்கிட்டு இருக்கவங்களுக்கும் இந்தத் திட்டம் ஒரே மாதிரி இருக்காது. 25 காசுக்காக பத்து கிலோமீட்டர் வெயில்ல மிதிக்கணும்னா ரெண்டரை ரூபா வரும், ஒரு டீ குடிக்க முடியாது. ஏற்கனவே மிதிக்கிறவங்களுக்கு அந்த ரெண்டரை ரூபா சைக்கிளுக்கே திரும்பப் போகுது, அதுதான் இதுல எனக்குப் புடிச்ச விஷயம்.

ஏன் புடிச்சிருக்குனு சொல்லணும்னா நம்ம பக்கத்து முள்ளைப் பத்திச் சொல்லணும். செட்டிநாட்டுல சைக்கிள் ஓட்டுற யாருக்கும் இதைச் சொல்லவே வேண்டியதில்ல, கண்மாய்க்கரை, ஊருணிக்கரை, ரோட்டோரம்னு எங்க பாத்தாலும் சீமைக்கருவேலம். விறகு வெட்டிக் கட்டி ஏத்திட்டுப் போவாங்க, வண்டி போற வழியெல்லாம் முள்ளு சிந்தும். காய்ஞ்ச முள்ளு செம்மண் கலர்லயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. டயர்ல ஏறுனதும் உடனே காத்து இறங்காது, அதுதான் பெரிய தொல்லை, முள்ளு ஓட்டையை அடைச்சுக்கிட்டே உள்ள இருக்கும், சாயந்தரம் ஸ்கூல் விட்டு வந்து பாத்தா பின் சக்கரம் தரையோட தரையா இருக்கும். ஒருநாள் சாவியால நெம்பி ஒண்ணை எடுத்தேன், வெளிய தெரிஞ்சது கடுகு அளவு, இழுத்தா முக்கால் இஞ்ச் நீளத்துக்கு வந்துச்சு, நுனி மட்டும் உடைஞ்சு உள்ளயே நின்னுடுச்சு. பஞ்சர் ஒட்டுற அண்ணே டயருக்குள்ள விரலை விட்டு மெதுவாத் தடவித் தடவி அந்த நுனியைத் தேடுனார். அதை எடுக்காம டியூப்பை மட்டும் ஒட்டிப் போட்டா மறுபடி குத்தும்னு சொல்லிக்கிட்டே தொட்டித் தண்ணியில டியூப்பை அமுக்குனார், ஒண்ணுன்னு நினைச்சது மூணு இடத்துல முட்டை விட்டுச்சு.

போன ஜூன்ல இருந்து இந்த ஜனவரி வரைக்கும் எட்டு மாசத்துல எனக்கு ஒன்பது பஞ்சர். ஒரு ஒட்டு 40 ரூபா, 360 ஆச்சு. ஒட்டு மேல ஒட்டு போட்டு இனி தாங்காதுன்னு ரெண்டு டியூப் மாத்துனேன், ஒண்ணு 220, அது 440. ஆக முள்ளுக்கு நான் கட்டுன வரி 800 ரூபா. அதே எட்டு மாசம் ஸ்ட்ராவா கணக்குல 3120 கிலோமீட்டர், 25 காசு வீதம் 780 ரூபா வரவு. கிட்டத்தட்ட சரிக்குச் சரி. யாரும் திட்டம் போட்டு அப்படிச் செய்யலை, கணக்குப் போட்டுப் பாத்தப்ப எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. நம்ம ஊர் ரோட்டுல சைக்கிள் வச்சிருக்கவங்களுக்கு முள்ளு எவ்வளவு தின்னுதோ அவ்வளவை கடை திருப்பிக் குடுக்குது, இதுக்கு மேல ஒரு சின்ன கடைகிட்ட என்ன கேக்க முடியும்.

வெளிநாட்டுல இந்த மாதிரி காசை கம்பெனிகளே குடுக்குது. பெல்ஜியத்துல வேலைக்கு சைக்கிள்ல போறவங்களுக்கு முதலாளி கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு குடுக்கலாம், 2024ல 35 யூரோ சென்ட் வரைக்கும் அதுக்கு வரி கிடையாது. நெதர்லாந்துலயும் இருக்கு, அதே வருஷம் 23 சென்ட். ஃபிரான்ஸ்ல 2014ல 20 கம்பெனிங்க சேர்ந்து கிலோமீட்டருக்கு 25 சென்ட்னு ஆறு மாசம் குடுத்துப் பாத்தாங்க. அங்கெல்லாம் அரசாங்கம் பின்னாடி நிக்குது. இங்க ஒரு கடைக்காரர் தன் லாபத்துல இருந்து குடுக்கிறார், அதனால 25 காசை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

சரி, ஆப் விஷயத்துக்கு வர்றேன். இதுலதான் பாதிப் பேர் காசை விடுறாங்க.

கடைக்கார அண்ணனோட மகன், கம்ப்யூட்டர் படிச்ச தம்பி, அவர்தான் ஒரு வெப் பேஜ் பண்ணி வச்சிருக்கார். உங்க போன் நம்பர் போட்டு உள்ள போனா ஸ்ட்ராவா இல்லன்னா கார்மின் வாட்ச்சோட ஆப்பான கார்மின் கனெக்ட், ரெண்டுல ஒண்ணை இணைக்கலாம். முதல்ல கூகுள் ஃபிட்டும் இருந்துச்சு, கூகுளே அந்த வழியை 2026ல மூடப்போறதா அறிவிச்சதும் தம்பி எடுத்துட்டார். ஆரம்பத்துல ரொம்ப நாள் காக்க வச்சாங்க, ஏன்னு கேட்டதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, ஸ்ட்ராவாவோட இணையுற புது ஆப் எதுவா இருந்தாலும் முதல்ல ஒரே ஒரு ஆளோட கணக்கைத்தான் இணைக்க விடுவாங்களாம், எழுதிக் கேட்டு அவங்க பாத்து அனுமதி குடுத்தாத்தான் அடுத்த ஆளு. முன்னாடி கடைச் சுவர்ல இந்த மாசம் யார் எவ்வளவு கிலோமீட்டர்னு ஒரு போர்டு எழுதுவாங்க. 2024 நவம்பர்ல ஸ்ட்ராவா விதியை மாத்துச்சு, ஒருத்தரோட ஸ்ட்ராவா தகவலை வெளி ஆப்புங்க அவங்கவங்களுக்கு மட்டும்தான் காட்டலாம்னு, அதோட போர்டையும் எடுத்துட்டாங்க. சில பேருக்கு அது வருத்தம். எனக்கு நிம்மதி, என் பேரு சுவர்ல இருக்கிறது எனக்கு ஆரம்பத்துல இருந்தே புடிக்கலை.

இணைக்கும்போது ஸ்ட்ராவா ஒரு பக்கம் காட்டும், என்னென்ன பாக்க அனுமதி குடுக்கிறீங்கன்னு சின்னச் சின்ன டிக் பாக்ஸ் இருக்கும். அதைப் படிக்காம ஓகே குடுக்காதீங்க. உங்களுக்கு மட்டும்னு பூட்டி வச்சிருக்க ரைடைப் பாக்க ஒரு தனி டிக் இருக்கு. ரைடை எல்லாம் பூட்டி வச்சுட்டு அந்த டிக்கையும் எடுத்துட்டீங்கன்னா கடைக்கு ஒண்ணுமே தெரியாது, மாசம் பூரா மிதிச்சும் வரவு பூஜ்யம்தான் காட்டும். எங்க ஸ்கூல் பிஇடி சாருக்கு ஒரு மாசம் அப்படித்தான் போச்சு.

இதுல பொம்பளைங்களுக்கு ஒண்ணு சொல்லணும், தயவுசெஞ்சு இதை வேகமாத் தாண்டிப் போயிடாதீங்க. ஸ்ட்ராவாவை போட்டதும் உங்க ரைடு எல்லாருக்கும் தெரியுற மாதிரிதான் இருக்கும், நீங்களா போய் மாத்தணும். தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே ரோட்டுல தனியாப் போறவ நானு, எந்த வீட்டு வாசல்ல கிளம்புறேன், எந்த கேட்டுல நிக்குறேன், எத்தனை மணிக்கு நிக்குறேன், அம்புட்டும் மேப்ல கோடு போட்டுக் காட்டும். ஸ்ட்ராவா 2017 நவம்பர்ல போட்ட உலக மேப்புல ராணுவ முகாம் இருக்கிற இடமே 2018 ஜனவரியில வெளிய தெரிஞ்சு போச்சு, சிப்பாய்ங்க ஓடுன பாதை வெளிச்சமா விழுந்ததால. ராணுவத்துக்கே அப்படின்னா நம்ம வீட்டு வாசல் எம்மாத்திரம். செட்டிங்ஸ்ல பிரைவசிக்குப் போய் ரைடை ஃபாலோயர்ஸுக்கு மட்டும்னு வைங்க, ஃபாலோ பண்ண வர்றவங்களையும் நீங்க சம்மதிச்சாத்தான் சேரணும்னு வைங்க. கிளம்புற இடமும் சேருற இடமும் மறையுற மாதிரி வைக்கலாம், 1.6 கிலோமீட்டர் வரைக்கும் மறைக்கும். நான் வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் ரெண்டு பக்கமும் வச்சிருக்கேன். மேப்ல மறைச்சாலும் தூரக் கணக்கு குறையலை, வரவும் குறையலை, நான் ஒரு வாரம் வச்சும் எடுத்தும் பாத்துட்டேன். ஃபாலோயர்ஸுக்கு மட்டும்னு வச்ச ரைடு கடைக்கு சாதாரண அனுமதியிலேயே போயிடும், அந்தத் தனி டிக் தேவையில்ல. பீக்கன்னு ஒண்ணு இருக்கு, போன்ல ரெக்கார்டு பண்றவங்களுக்கு இலவசம், நாம எங்க போய்க்கிட்டு இருக்கோம்னு வீட்டு ஆளுங்களுக்கு லிங்க் அனுப்பி வைக்கலாம். கார்த்திகை மாசத்துல சீக்கிரம் இருட்டுறப்ப நான் அம்மாவுக்கு அதைப் போட்டு விட்டுத்தான் கிளம்புவேன்.

அடுத்து போன் பேட்டரி. ஆகஸ்ட் மாசம் ஒருநாள் பாத்தா என் ரைடு கோட்டையூர் தாண்டினதும் ரோட்டை விட்டுட்டு வயக்காட்டு மேல நேர் கோடா பறந்து பள்ளத்தூர்ல போய் இறங்கியிருக்கு. தூரத்துல ஒன்றரை கிலோமீட்டர் குறைஞ்சுடுச்சு. போன் பேட்டரியை மிச்சம் பண்றேன்னு ஸ்ட்ராவாவை நடுவுல தூங்க வச்சுடுது, முழிச்சதும் கடைசிப் புள்ளிக்கும் இப்ப இருக்க புள்ளிக்கும் நேரா ஒரு கோடு இழுத்துடுது. வளைஞ்சு வளைஞ்சு போற ரோட்டை விட நேர் கோடு எப்பவும் குட்டைதானே, அதனால நஷ்டம் நமக்குத்தான். போன் செட்டிங்ஸ்ல ஸ்ட்ராவாவுக்கு பேட்டரி கட்டுப்பாடு வேணாம்னு வச்சுடுங்க, லொகேஷன் எப்பவும் அனுமதின்னு குடுங்க. அதுக்கப்புறம் எனக்கு அந்தக் கோளாறு வரலை. கிளம்பும்போதும் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டே ஸ்டார்ட் அமுக்காதீங்க, வாசல்ல வானம் தெரியுற இடத்துல அரை நிமிஷம் நில்லுங்க, குறைஞ்சது நாலு சாட்டிலைட்டாவது புடிச்சாத்தான் போனுக்கு தான் எங்க இருக்கோம்னே சரியாத் தெரியும்.

கூடுதலாக் காட்டுற இடமும் உண்டு. ஞாயித்துக்கிழமை கானாடுகாத்தான் போனா அந்தத் தெருக்கள்ல கோடு ஒரே கோணல் மாணலா இருக்கும். ரெண்டு பக்கமும் தெருவுக்குத் தெரு நீளுற வீட்டு மதிலுங்க, சாட்டிலைட் சிக்னல் செவுத்துல பட்டுத் திரும்பி வருது, நாம தெருவுல நேராப் போயிருப்போம், மேப் பாத்தா ஒரு வீட்டு முகப்புக்குள்ள நுழைஞ்சு வளவைத் தாண்டி பின்கட்டு வழியா வந்த மாதிரி காட்டும். அதுல ஒரு முந்நூறு நானூறு மீட்டர் சேரும். நின்னுக்கிட்டு போட்டோ எடுக்கிறப்பவும் புள்ளி ஆடிக்கிட்டே இருக்கும், நாம நின்னதும் கணக்கைத் தானா நிறுத்தி வைக்கிற ஆட்டோ பாஸை ஆன் பண்ணி வச்சுட்டா அது சேராது. நான் ஆன்லதான் வச்சிருக்கேன், மிதிக்காத தூரத்துக்கு அண்ணங்கிட்ட காசு வாங்க மனசு வராது.

அந்த நினைப்புலதான் அக்டோபர்ல ஒண்ணு நடந்தப்ப நானே போய்ச் சொன்னேன். மழைக்கு முந்தி, சாயந்தரம் வர்ற வழியில ஆறு கிலோமீட்டர்ல பின் சக்கரம் இறங்கிடுச்சு. பக்கத்துல பஞ்சர் கடை இல்ல. ஆத்தங்குடிக் கல்லு ஏத்திட்டு காரைக்குடிக்கு வந்துக்கிட்டு இருந்த குட்டியானை ஒண்ணு நின்னுச்சு, டிரைவர் அண்ணே இறங்கி கல்லுக்கு நடுவுல வைக்கோலை ஒதுக்கி சைக்கிளைப் படுக்க வச்சுட்டு, பூவு பூவா கலர் கல்லு, ஹேண்டில் பட்டு கீறிடக் கூடாதுன்னு சாக்கை மடிச்சு அணை குடுத்தார். அந்தப் பரபரப்புல ஸ்ட்ராவாவை நிறுத்தவே இல்ல. வீட்டுக்கு வந்து பாத்தா நாலு கிலோமீட்டர் 45 வேகத்துல போயிருக்கேன். நான் சொல்றதுக்கு முன்னாடியே கடையோட பேஜ் அந்த ரைடை நிறுத்தி வச்சிருந்துச்சு, தொடர்ந்து 40க்கு மேல வேகம் இருந்தா அப்படி நிறுத்திடுமாம். தம்பி திட்டவும் இல்ல சந்தேகப்படவும் இல்ல. "டீச்சர், ரைடை அழிச்சுடாதீங்க, ஸ்ட்ராவாலயே க்ராப்னு இருக்கு, வண்டியில ஏறுன இடத்துல இருந்து வெட்டி விட்டுடுங்க, மிச்சம் ஆறு கிலோமீட்டர் தானா ஏறிடும்"னார். அதே மாதிரி மறுநாள் அந்த மாசக் கணக்குல ஒன்றரை ரூபா சேர்ந்துடுச்சு. ஒன்றரை ரூபாதான், ஆனா கணக்கு சுத்தமா இருந்துச்சு, எனக்கு இந்தக் கடை மேல நம்பிக்கை வந்தது அன்னைக்குத்தான்.

வாட்ச்ல ஒண்ணு போன்ல ஒண்ணுன்னு ரெண்டுலயும் ரெக்கார்டு பண்றவங்களுக்கு ஒரே நேரத்து ரைடு ஒரு தடவைதான் கணக்குல ஏறும், அதையும் சரியாப் புடிச்சுடுறாங்க.

இப்ப குறை. முதல் குறை என் 103 ரூபா. ஜூன் மாசம் 412 கிலோமீட்டர் ஓட்டுனேன், ஜூலை 5ம் தேதி 103 ரூபா ஏறுச்சு. நான் டயருக்குன்னு சேர்த்துக்கிட்டே வந்தேன், நடுவுல வந்த பஞ்சர், டியூப் எல்லாத்துக்கும் கைக்காசுதான் குடுத்தேன். ஜனவரி 10ம் தேதி போய் நின்னா அந்த 103 காணோம், 5ம் தேதியோட காலாவதி ஆயிடுச்சு. ஆறு மாசம்னு முதல்லயே சொல்லியிருந்தாங்க, நான் இல்லைங்கலை, ஆனா ஒரு வாட்ஸப் மெசேஜ், ஒரு வாரம் முன்னாடி, உங்க காசு போகப் போகுது வந்து எதாவது வாங்கிக்கங்கன்னு ஒரு வரி போட்டிருந்தா அஞ்சு நாள் முன்னாடி போயிருப்பேன். ஒருத்தர் 412 கிலோமீட்டர் மிதிச்சு சேர்த்தது அது. நேர்ல சொல்லிட்டேன், அண்ணே மகனைக் கூப்புட்டு இதைச் செய்யணும்னு என் கண்ணு முன்னாடியே சொன்னார். இதை எழுதுற வரைக்கும் மெசேஜ் வர்ற ஏற்பாடு வரலை. அதனால நீங்க சேர்த்து வைக்காதீங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை எதாவது ஒண்ணுக்குக் கழிச்சுடுங்க, டியூப் வாங்கி வீட்டுல வச்சாக்கூட நம்ம ஊருக்கு அது வீணாகாது.

பாதி பில்லுங்கிற விதி எனக்குத் தப்பாத் தெரியலை, கடை நடக்கணும்ல. 3 கிலோமீட்டர் விதிதான் உறுத்துது. திங்கட்கிழமை சந்தைக்கு எங்க வீட்டுல இருந்து ரெண்டு கிலோமீட்டர், போறது ஒரு ரைடு வர்றது ஒரு ரைடுன்னு போட்டா ரெண்டுமே செல்லாது. ஸ்கூட்டியை எடுக்காம காய்ப் பையை ஹேண்டில்ல மாட்டிக்கிட்டு வர்றதுதான் பெட்ரோலை மிச்சம் பண்ற ரைடு, அதுக்குப் போய் காசு இல்லன்னா எப்படி. இதுக்கு வழி என்னன்னா சந்தையில இறங்குனதும் ஸ்ட்ராவாவை முடிக்காம பாஸ் பண்ணி வைங்க, திரும்ப ஏறுனதும் தொடருங்க, நாலு கிலோமீட்டர் ஒரே ரைடா ஏறும்.

அதைவிடப் பெரிய குறை ஒண்ணு இருக்கு, அது கடையோட தப்பு மட்டும்னு சொல்ல முடியாது, ஆனா சொல்லாம விட மாட்டேன். நம்ம ஊர்ல நிஜமா அதிகம் சைக்கிள் மிதிக்கிறவங்க யாரு? பால் கேன் மாட்டிக்கிட்டு விடியக்காலம் வர்றவர், கேரியர்ல தென்னந்துடைப்பம் கட்டி விக்கிறவர், கட்டட வேலைக்குப் போற கொத்தனார், சித்தாளு. என்னை விட ரெண்டு மடங்கு ஓட்டுவாங்க. அவங்க கையில ஸ்ட்ராவா இல்ல, பாதிப் பேர்கிட்ட பட்டன் போன்தான். அவங்களுக்கும் இதே முள்ளுதான் குத்துது. 40 ரூபா ஒட்டுக் கூலி என்னை விட அவங்களுக்குத்தான் பெருசு. இதை அண்ணங்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன். ஆப் இல்லாதவங்களுக்கு ஒரு அட்டை குடுங்க, பஞ்சர் ஒட்ட வரும்போது முத்திரை குத்துங்க, அஞ்சு ஒட்டுக்கு அடுத்தது ஒண்ணு சும்மா ஒட்டி விடுங்கன்னு. அவர் யோசிச்சுட்டு "அது நல்லாருக்கே டீச்சர், சித்திரையில இருந்து பாக்குறேன்"னார். செஞ்சாருன்னா இந்தத் திட்டத்துக்கு நான் முழு மார்க்கு போடுவேன், இப்ப பத்துக்கு ஏழு.

தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பிள்ளையார்பட்டி போயிட்டு வர்றப்ப குன்றக்குடி பக்கம் ரோடு பூரா பழனி பாதயாத்திரைக் கூட்டம், நகரத்தார் காவடி. நான் இறங்கி உருட்டிக்கிட்டுத்தான் வந்தேன். ஒரு ஆச்சி, எழுபது வயசு இருக்கும், கையில ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்தாங்க, பேரன் கட்டி விட்டானாம். நடந்துக்கிட்டே பேச்சு குடுத்தாங்க, சைக்கிளுக்கு இந்த மாதிரி காசு வருதுன்னு சொன்னதும் "நடக்கிறதுக்கு இல்லையாம்மா?"ன்னாங்க. இல்ல ஆச்சி, நடந்தா வராது, ரைடுன்னு பதிவானது மட்டும்தான்னேன். "இருக்கட்டும், இதுக்கு முருகன் கணக்கு வச்சிருப்பான்"னு சொல்லிட்டு வேல் வேல்னு போயிட்டாங்க. மறக்காம ஆப்புல வகையைப் பாத்துக்கங்க, வாக்னு இருக்கிறப்ப ஸ்டார்ட் பண்ணி சைக்கிள் ஓட்டுனா அதுவும் ஏறாது, அப்புறம் ரைடுன்னு மாத்தணும்.

புது டயரைப் பத்தி ஒரு வார்த்தை. நடுவுல முள்ளு தாங்குறதுக்கு ஒரு பட்டை வச்சு வர்ற ரகம் கேட்டு வாங்குனேன், சாதா டயரை விட கனம், முதல் வாரம் மிதிக்கிறப்ப கால்ல தெரிஞ்சுது. ஆனா போட்டு ஒரு மாசம் ஆச்சு, 500 கிலோமீட்டருக்கு மேல ஓடிடுச்சு, ஒரு பஞ்சர் இல்ல. ரெண்டு நாளைக்கு ஒருக்கா டயரைச் சுத்தி விட்டுப் பாக்குறேன், முள்ளு முனை உடைஞ்சு பட்டையிலேயே நிக்குது, உள்ள இறங்கலை. மாட்டுறப்பவே அண்ணே ரிம் கோட்டமும் எடுத்துக் குடுத்தார், அதுக்கு தனியா கூலி போடலை.

எங்க அம்மாவுக்கு இது எதுவும் முதல்ல நம்பிக்கையே இல்ல. அம்மா ஊரு திருமயம் பக்கம், புதுக்கோட்டை மாவட்டம். 1991ல அங்க அறிவொளி இயக்கம் நடந்தப்ப கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கணும்னு அதையும் படிப்போட சேர்த்தாங்க, ஒரு லட்சம் பொம்பளைங்களுக்கு மேல கத்துக்கிட்டாங்க. எங்க அம்மாவும் அதுல ஒருத்தி. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம பார் வச்ச பெரிய சைக்கிள்லதான் சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு கத்துக்கிட்டதா சொல்லுவாங்க. வரவுக் கணக்கை போன்ல காட்டுனப்ப ரொம்ப நேரம் பாத்துட்டு கேட்டாங்க, "ஏத்தா, மிதிக்கிறதுக்கு காசு தர்றாங்களா? நாங்க மணிக்கு இவ்வளவுன்னு வாடகை குடுத்துல்ல மிதிச்சோம்."

அம்மா இப்பவும் கொப்புடையம்மன் கோயிலுக்கு சைக்கிள்லதான் போறாங்க. ஒரு கிலோமீட்டர்தான், கணக்குல ஏறாது. ஆனா வரவு எந்த சைக்கிளுக்கு வேணும்னாலும் கழிக்கலாம், அதைக் கேட்டு வச்சுட்டேன். இந்த மாசம் 5ம் தேதி ஜனவரிக் கணக்கு 520 கிலோமீட்டருக்கு 130 ரூபா ஏறியிருக்கு. அது முழுசாக் கழியணும்னா பில்லு 260ஆவது வரணும். அம்மா சைக்கிளுக்கு ஓவராலிங்கும் பிரேக் கட்டையும் சேர்த்து 350 ஆகும்னார் அண்ணே. ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்குள்ள கொண்டாங்க, அதுக்கு மேல கூட்டம்னார், அம்மா தானே ஓட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டாங்க.